கப்பல் இங்கிலீசு

பிள்ளைகளே, போன கிழமை நீங்கள் இரண்டு பேரும் அந்த இங்கிலீசு கசெட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டீர்கள். "கசெட் பழுது வாப்பா. புத்தகத்துல இரிக்கிற சொல்லு இதுல இல்ல" என்றீர்கள். கசெட் பழுதில்லை. புத்தகத்தில் இருக்கிற சொல்லெல்லாம் அதிலும் இருக்கிறது. அவசரமாகக் கதைக்கிறபோது ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடக்கிறது, அவ்வளவுதான். இது எனக்கு எப்படித் தெரியவந்தது என்று எழுதி வைக்கிறேன். இதே காரணத்துக்காக நாங்கள் ஒரு மனிதனைப் பொய்யன் என்று நினைத்தோம். நினைத்தது சரியாகத்தான் போயிற்று. பிடித்த நுனிதான் பிழை.

இது உங்கள் மாமிக்கு, என் தங்கச்சிக்கு, முதன்முதலில் வந்த கலியாணப் பேச்சின் கதை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க காக்கா, அந்த மனிசன்ட பேர மட்டும் எழுதிராதீங்க" என்றாள். அதனால் யாருடைய பேரும் இதில் வராது.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனைக்குடியில்தான் அப்போதும் எங்கள் வீடு. வாப்பாவுக்கு நற்பிட்டிமுனைப் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது. நான் கல்முனை பசாரில் ஒரு புடவைக்கடையில் சேல்ஸ்மேன். தங்கச்சி காலையில் அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பாள்.

எங்கள் பகுதியில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண், மாப்பிள்ளை பிழையானவனாகப் போனால் தாய் வீட்டுக்குத் திரும்பி வரலாம். எங்கள் பெண்ணுக்குத் திரும்பி வர வேறு வீடு ஏது? பிழையான மனிதனும் அவளும் ஒரே கூரைக்குக் கீழேதான் கிடக்க வேண்டும். ஆகையால் மாப்பிள்ளை பார்க்கிறபோது எங்கள் வாப்பாமார் விதைநெல் வாங்குகிறவர்களைப் போல ஆகிவிடுவார்கள். கடித்துப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், அப்படியும் நம்பமாட்டார்கள்.

தரகர் கொண்டுவந்த மாப்பிள்ளை பாலமுனைக்காரர்.

"மூணு வருஷம் வெள்ளக்காரன்ட கப்பல்ல இரிந்தவர். கப்பித்தான்ட மேசைக்கு இவர்தான் சாப்பாடு வெச்ச. இங்கிலீசு தண்ணி மாதிரிப் போகும். இனிக் கப்பலுக்குப் போறல்ல, ஊர்ல கட போடப் போறார்" என்றார் தரகர்.

வாப்பா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். தரகர் போன பிறகு என்னைப் பார்த்தார்.

"கொழும்புல வேல செஞ்சன் எண்டா கொழும்புக்குப் போய் விசாரிக்கலாம். கப்பல்ல இரிந்தன் எண்டா எங்க போய் விசாரிக்கிற? கடல்ட்டயா?"

உம்மா உள்ளேயிருந்து, "எல்லாரையும் கள்ளன் எண்டே பாத்தா என்ட புள்ள குமரியாவே கிடப்பாள்" என்றா.

"கள்ளன் எண்டு நான் செல்லல்ல. கள்ளன் இல்ல எண்டு எனக்கு ஒத்தரும் செல்லல்ல, அவ்வளவுதான்."

வாப்பா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கப்பலை விசாரிக்க முடியாது. இங்கிலீசை விசாரிக்கலாம். மூன்று வருஷம் வெள்ளைக்காரனோடு இருந்தது மெய்யென்றால் இங்கிலீசும் மெய்யாக இருக்க வேண்டும். இங்கிலீசு பொய்யென்றால் கப்பலும் பொய். வீட்டில் இங்கிலீசு தெரிந்தவன் நான் ஒருவன்தான். பத்தாம் வகுப்புச் சோதினையில் வேறு பாடம் எல்லாம் கவிழ்ந்தபோதும் இங்கிலீசு மட்டும் கரையேறியிருந்தது.

என் இங்கிலீசு எப்படிப்பட்டது என்று இங்கே சொல்லவேண்டும். எங்கள் வாத்தியார் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக நட்டு வைப்பார், வரம்பில் கம்பு நட்டது போல. "ஐ. ஆம். கோயிங். டு. த. மார்க்கட்." நாங்களும் அப்படியே நடுவோம். அது எங்களுக்கு லேசாகவும் இருந்தது. ஏனென்றால் நாங்கள் எல்லோரும் ஓதப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள். அங்கே முதல் நாளே சொல்லித் தருவது, எழுத்தைத் தின்னாதே என்பதுதான். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு உரிமை உண்டு, அதைக் கொடுக்காமல் ஓதினால் பாவம் என்று பிரம்போடு சொல்லித் தந்தார்கள். அந்தப் பயத்தை நாங்கள் இங்கிலீசுக்கும் எடுத்துக்கொண்டு போனோம். எழுத்துத் தின்கிறவன் படிக்காதவன், இல்லையென்றால் ஏமாற்றுகிறவன். வேறு விதமாக ஒரு மனிதன் எழுத்துத் தின்னலாம் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு மாப்பிள்ளையைத் தேத்தண்ணிக்கு அழைத்தோம். விறாந்தையில் கதிரை போட்டு வாப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் இருந்தோம். கதவுச்சீலைக்கு அந்தப் பக்கம் உம்மாவும் தங்கச்சியும். வந்தவர் நல்ல வாட்டசாட்டமான ஆள், வெள்ளைச் சேட்டு போட்டிருந்தார். வந்ததும் வராததுமாக என்னை "மச்சான்" என்றார். நான் திருப்பி அப்படிக் கூப்பிடவில்லை.

கேள்விகளை நான் முதல் நாளே மனப்பாடம் பண்ணியிருந்தேன்.

"வட். வோஸ். யுவர். வேர்க். ஒன். த. ஷிப்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு கடகடவென்று ஏதோ சொன்னார். வண்டியிலிருந்து நெல் கொட்டியது போல இருந்தது. எனக்குப் பிடிபட்டவை டீ, பிரெட், பட்டர். அவைகூடச் சுத்தமாக வரவில்லை. பிரெட்டுக்கும் பட்டருக்கும் நடுவில் "அன்ட்" என்று ஒரு சொல் இருக்க வேண்டும். அவர் வாயில் அது இல்லை. "பிரெடம்பட்டர்" என்றார். அந்த "ம்" எங்கிருந்து வந்தது? இங்கிலீசில் எந்தப் புத்தகத்தில் அப்படி ஒரு "ம்" இருக்கிறது? ஒரு கோப்பைத் தேத்தண்ணியை "கப்பட்டீ" என்றார். தெரியாது என்பதற்கு "டனோ" என்றார். "ஐ டோன்ட் நோ" என்று மூன்று சொல் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு தும்மல்.

அவர் போன பிறகு வாப்பா கேட்டார், "என்ன மாதிரி?"

"எழுத்துத் தின்றார் வாப்பா."

"எவ்வளவு?"

"அரைவாசி."

வாப்பா தாடியைத் தடவினார். "அரைவாசியத் தின்னுறவன் மிச்சத்தையும் தின்னுவான்."

மறுநாள் தரகரிடம் சொன்னோம். அவருக்குக் கோபம் வரவில்லை.

"அது கப்பல் இங்கிலீசு தம்பி. அங்க காத்தடிக்கிது, அல அடிக்கிது. ஒவ்வொரு சொல்லா எடுத்து வெச்சுக் கதைக்க நேரமிரிக்கா? நீங்க படிச்சது கர இங்கிலீசு."

இது என் சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. அந்த நாளில் வாப்பாவும் நானும் பின்னேரங்களில் லண்டனிலிருந்து வருகிற இங்கிலீசுச் செய்தியை ரேடியோவில் போட்டுக் கேட்டோம். வாப்பாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. காதை மட்டும் கொடுப்பார். செய்தி வாசிக்கிற மனிதர் ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைத்தது போல வாசித்தார். "இந்த மனிசன் ஒழுங்கா ஓதுறான்" என்றார் வாப்பா. அத்தோடு மாப்பிள்ளையின் இங்கிலீசு பொய் என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. தங்கச்சி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை.

தரகருக்கு நேரே மறுப்புச் சொல்வது எப்படி என்று வாப்பா யோசித்துக்கொண்டிருந்த நாளில்தான் கடைக்கு ஒரு வெள்ளைக்காரன் வந்தான். பொத்துவில் பக்கம் கடலில் பலகை மேல் நின்று விளையாடுகிறவர்கள் அப்போதெல்லாம் கல்முனையில் பஸ் மாறிப் போவார்கள். நீளத் தலைமயிர், வெயிலில் சிவந்த மூக்கு. இடுப்பில் கட்டுகிற சாரன் ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்து என்னிடம் ஏதோ கேட்டான். எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தரம் கேட்டான். அதுவும் பிடிபடவில்லை. "நெக்ஸ் பஸ்" என்ற மாதிரி ஒன்று மட்டும் காதில் விழுந்தது. "நெக்ஸ்ட்" என்பதில் கடைசி எழுத்தைக் காணோம். இவனும் தின்கிறான்.

பிள்ளைகளே, அப்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவனுக்கும் இங்கிலீசு தெரியாது என்று நினைத்தேன். வெள்ளைத் தோல் உள்ளவனெல்லாம் இங்கிலீசுக்காரனா, வேறே ஏதாவது தேசத்தானாக இருப்பான் என்று எனக்குள் தீர்மானித்துவிட்டு, "வட். கன்ட்ரி?" என்று கேட்டேன்.

"இங்லன்" என்றான் அவன். தன் ஊர்ப் பேரிலும் கடைசி எழுத்தைத் தின்றுவிட்டான்.

நான் விழிப்பதைப் பார்த்து அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். உடனே சொற்களைப் பிரித்துப் பிரித்துச் சொல்லத் தொடங்கினான், சின்னப் பிள்ளைக்கு மீன் முள் எடுத்துக் கொடுப்பது போல. "வென். இஸ். த. நெக்ஸ்ட். பஸ்." எல்லா எழுத்தும் இருந்தது. ஆக, இவனிடம் எழுத்து இல்லாமல் இல்லை. எனக்காக வெளியே எடுத்து வைக்கிறான்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை கடை வாசலால் போனார். என்னைக் கண்டு "என்ன மச்சான்" என்று உள்ளே வந்தவர் வெள்ளைக்காரனைக் கண்டதும் அவனோடு கதைக்கத் தொடங்கினார். இரண்டு பேர் வாயிலும் நெல் கொட்டியது. நான் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். நடிக்கிறார்களோ என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு ஒன்று கண்டேன். வெள்ளைக்காரன் ஒரு பகிடி சொன்னான். அவன் சொல்லி முடிக்கும் முன்னே மாப்பிள்ளை சிரித்துவிட்டார். விளங்காமல் நடிக்கிறவன் மற்றவன் சிரித்த பிறகுதான் சிரிப்பான். இவர் முந்திக்கொண்டார். வெள்ளைக்காரன் சாரனையும் வாங்கிக்கொண்டு சரியான பஸ்ஸில் ஏறிப் போனான்.

வீட்டில் போய் நடந்ததைச் சொன்னேன். வாப்பா லேசில் விடவில்லை.

"ரெண்டு பேரும் தின்னுறாங்க எண்டா ரெண்டு பேரும் படிக்காதவங்க."

"வெள்ளக்காரன் அவன்ட பாஷய எங்க வாப்பா போய்ப் படிக்கிற?"

அப்போதுதான் தங்கச்சி வாய் திறந்தாள். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"காக்கா, பஸ்ஸில கண்டக்டர் என்னெண்டு கூப்பிடுவான்?"

"அக்கரபத்து, அக்கரபத்து எண்டு."

"பஸ்ஸுட பேர்ப் பலகையில என்ன எழுதியிரிக்கி?"

"அக்கரைப்பற்று."

"மறுகா வாப்பாட வயல் இரிக்கிற ஊர வாப்பா என்னெண்டு செல்லுவார்? நப்பிட்டிமுன எண்டுதானே. எழுதிறது நற்பிட்டிமுனை எண்டு. வாப்பாவும் தின்னுறாரா?"

"கதைக்கிறது வேற, ஓதுறது வேற" என்றார் வாப்பா.

"அதத்தான் நானும் செல்றன். ரேடியோக்காரன் ஓதுறான். மாப்பிள்ள கதைக்கிறார்." சுளகைக் கீழே வைத்துவிட்டு, "ஓதுறதுலயும் சேர்த்து ஓதுற இடம் இரிக்குதானே வாப்பா. 'மின் பஃதி' எண்டு எழுதியிரிந்தாலும் 'மிம் பஃதி' எண்டுதான் ஓதுவம். 'ப'வுக்கு முன்னால 'ன்' நிக்கேலாது, 'ம்' ஆகிடும். அவர் 'பிரெடம்பட்டர்' எண்டாரே, அந்த 'ம்'மும் அப்பிடித்தான் வந்திரிக்கும். 'அன்ட்'ல இரிந்த 'ன்'தானே அது. தின்னல்ல. பக்கத்து எழுத்தோட சேந்து மாறியிரிக்கி."

நான் வாயில் சொல்லிப் பார்த்தேன். பிரெட் அன்ட் பட்டர். வேகமாக. பிரெட் அன் பட்டர். இன்னும் வேகமாக. உதடு "ப"வுக்கு மூடப் போகிறபோது "ன்" தானாக "ம்" ஆகிவிட்டது. நீங்களும் சொல்லிப் பாருங்கள்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் மேல் எனக்கிருந்த சந்தேகம் விட்டுப்போயிற்று. வாப்பாவுக்கும் பாதி விட்டது. வெள்ளிக்கிழமைகளில் மாப்பிள்ளை வீட்டுக்கு வரத் தொடங்கினார். நான் அவரிடம் வேக இங்கிலீசு படிக்கத் தொடங்கினேன். நல்லாகச் சொல்லித் தருவார். இங்கிலீசில் கனமான சொல்லும் உண்டு, பதர்ச் சொல்லும் உண்டு, கனமான சொல்லை மட்டும் அழுத்தி மிதித்து நடக்க வேண்டும், இடையில் இருக்கிற சின்னச் சொல்லெல்லாம் பெருநாள் பஸ்ஸில் ஏறின சனம் மாதிரி நசுங்கிப் போகட்டும், கவலைப்படாதீர்கள் என்பார். நாலைந்து மெய்யெழுத்து ஓரிடத்தில் நெருங்கினால் நடுவில் நிற்கிற "ட்" இறங்கிப் போய்விடும். "டிட் யூ" என்பது "டிஜ" ஆகும். "டெல் ஹிம்" என்பதில் "ஹ" காணாமல் போய் "டெல்லிம்" ஆகும். எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. நினைத்தபடி யாரும் நசுக்குவதில்லை. அந்த ஒழுங்கைப் புத்தகத்தில் படிக்க முடியாது, அந்தச் சனத்தோடு இருந்து காதால்தான் எடுக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாயாலேயே சொன்னார்.

வாப்பா பின்னறைக்குச் சுண்ணாம்பு பூச ஆள் பார்த்தார். உம்மா சொந்தக்காரர்களுக்கு மெல்லச் சொல்லத் தொடங்கினா. தரகர் நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளி மாப்பிள்ளை வந்துபோனதும் தங்கச்சி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"காக்கா, அவர் ரெண்டு மாதிரிக் கதைக்கிறார்."

"என்ன ரெண்டு மாதிரி?"

"எனக்கு அர்த்தம் விளங்காது. சத்தம் விளங்கும். அவர் கதைக்கிறது ஓடிக்கிட்டே போகும். 'ஷிப்' எண்டு ஒரு சொல்லு வரும். அது வந்தாச் சரி, வண்டி சேத்துல எறங்கின மாதிரி ஆகிடும். ஒவ்வொரு சொல்லா வரும். நீங்க கதைக்கிற மாதிரி."

"நான் கதைக்கிற மாதிரி எண்டா?"

"கோவிக்காதீங்க. படிச்சுக் கதைக்கிற மாதிரி."

அடுத்த வெள்ளி நான் வேண்டுமென்றே கப்பலைப் பற்றிக் கேட்டேன். எந்தெந்த ஊருக்குப் போனீர்கள், இங்கிலீசில் சொல்லுங்கள், நான் பழக வேண்டும் என்றேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்.

"தி. ஷிப். வோஸ். வெரி. பிக். வி. வென்ட். டு. ஜப்பான்."

எல்லா எழுத்துக்கும் உரிமை கொடுத்தார். எங்கள் வாத்தியார் கேட்டிருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார். காலையில் சாப்பாடு வைக்கிறபோது வெள்ளைக்காரர் என்ன சொல்வார்கள் என்று அடுத்ததாகக் கேட்டேன். உடனே நெல் கொட்டியது. கதவை மூடு, படியைப் பார், தண்ணி சுட்டுவிட்டதா, நாயை வெளியே விடு, பிள்ளை பால் குடித்ததா, உன் கால் சப்பாத்து எங்கே. இத்தனை நாள் படித்ததால் எனக்கு இப்போது எல்லாம் பிடிபட்டது. பிடிபட்டதுதான் வினையாகப் போயிற்று.

கப்பலில் நாய் ஏது? சப்பாத்தைத் தொலைக்கிற சின்னப் பிள்ளை ஏது?

அவர் வேகமாகக் கதைத்தவை எல்லாம் ஒரு வீட்டுக்குள் கேட்டவை. மெதுவாகக் கதைத்தவை எல்லாம் எங்கேயும் கேட்காதவை. வாப்பா கடலிடம் போய் விசாரிக்க முடியாது என்றார். கடலிடம் போகத் தேவை இருக்கவில்லை.

அன்று அசர் தொழுகைக்குப் பிறகு அவரோடு கடற்கரைப் பக்கம் நடந்துபோனேன். கரைக்கு இழுத்த தோணிகளுக்கு நடுவே நின்று, "மெய்யச் செல்லுங்க. நீங்க கப்பல்ல இரிந்தயளா?" என்று கேட்டேன்.

அவர் கடலைப் பார்த்தபடி, "கப்பலுக்குள்ள நான் கால் வெச்சதில்ல" என்றார். கண்டிப் பக்கம் அணைக்கட்டு வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரின் வீட்டில் குசினி வேலை பார்த்திருக்கிறார். புருஷன், பெண்சாதி, இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரு நாய். கப்பல் தரகரின் வேலை. குசினி என்று சொன்னால் பெண் தரமாட்டார்கள், கப்பல் என்று சொல்லு என்றாராம்.

எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகப் போயிற்று. குசினி வேலை ஒரு குற்றமா? வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். வாப்பா, "தரகன் ஒரு நாளும் மெய் செல்லியிரிக்கானா" என்று அவன் மேல் பழியைப் போட்டு இவரை விட்டுவிடுகிற மாதிரித்தான் இருந்தார். சுண்ணாம்பும் பூசியாயிற்று.

தங்கச்சி அசையவில்லை.

"குசினி வேலய மறைக்கிற எண்டா ஹோட்டல்ல கணக்குப் பாத்தன் எண்டு செல்லலாம். கடையில நிண்டன் எண்டு செல்லலாம். கப்பல் எண்டு ஏன் சென்ன? கப்பலுக்கு ஊரில்ல. ஆரும் போய்க் கேக்கேலா. அவர் மறைச்சது வேலய இல்ல காக்கா. ஊர."

"கண்டியில ஆர் இரிக்கிற எண்டு கேளுங்க" என்றாள்.

மறுநாள் அவர் கடைக்கு வந்தபோது கேட்டேன். வாடிக்கைக்காரர் இல்லாத நேரம். இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருக்கவும் கூடும். அவர் புடவைக் கட்டு ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "ஒரு பொண்சாதி இரிக்கி. பொம்புளப் புள்ள ஒண்டும்" என்றார். அவர்களோடு கொழுவிச் சண்டைபிடித்துக்கொண்டு வந்துவிட்டாராம். தலாக் சொல்லவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாராம். மார்க்கத்தில் இடமிருக்குதானே என்றும் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டில் இதைச் சொன்னபோது உம்மா அழுதா. வாப்பா கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. தங்கச்சியைக் கூப்பிட்டு, முதல்முறையாக, "நீ என்ன மகள் செல்றாய்?" என்று கேட்டார்.

"பொண்சாதி இரிக்கி எண்டு முதலே செல்லியிரிந்தா, வேணுமா வேணாமா எண்டு நான் யோசிச்சிரிப்பன் வாப்பா. இப்ப யோசிக்க ஒண்டுமில்ல. அவர் இஞ்ச வந்து இரிந்தாலும் அவர் செல்ற ஒவ்வொரு சொல்லுக்கும் நான் சீலைக்குப் பின்னால நிண்டு காது குடுத்துக்கிட்டே இரிக்கணும். எனக்கு ஏலா."

வேண்டாம் என்று சொல்கிற வேலை எனக்கு வந்தது. தரகர் மூலம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் எனக்குப் பாடம் சொல்லித் தந்தவர். பஸ் நிலையத்தில் கண்டு நேரேயே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"ஆரு செல்லித் தந்த? கண்டியால ஆரும் வந்தாங்களா?"

"ஒத்தரும் வரல்ல. ஒத்தரும் செல்லித் தரல்ல. நீங்க வீட்டக் கதைக்கக்குள்ள ஓடினயள். கப்பலக் கதைக்கக்குள்ள நடந்தயள்."

முதலில் அவருக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது முகத்தில் தெரிந்தது. பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அந்தக் கப்பல் வசனத்தை வேகமாகச் சொல்லிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. "தி ஷிப்" என்று தொடங்கி நின்றார். இன்னொரு தரம் தொடங்கினார். "தி. ஷிப்." அதற்கு மேல் ஓடவில்லை. தலையை ஆட்டிவிட்டு, "வாறன் தம்பி" என்று பஸ்ஸில் ஏறினார்.